ரெண்டு சுழியா, மூணு சுழியா

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அட்டென்ஷன் என்று சொன்னால், அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை. அதே தொண்டை, ஆசிரியர் அறைக்குள் தமிழ் டீச்சர் உட்கார்ந்திருந்தால் அடைத்துக்கொள்ளும். வாசலில் நிற்பார், கழுத்தில் தொங்கும் விசிலைத் திருகுவார், கடைசியில் சாக்பீஸ் இருக்குங்களா என்று கேட்பார். டிரில் மாஸ்டருக்குச் சாக்பீஸ் எதற்கு? மைதானத்தில் கோடு போட அவர் அறையில் சுண்ணாம்புத்தூள் மூட்டையே கிடந்தது. இருந்தாலும் தமிழ் டீச்சர் ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பாள், அவர் வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வருடமாக அந்த மனிதர் சேர்த்த சாக்பீஸை வைத்து இன்னொரு பள்ளிக்கூடமே நடத்தியிருக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பூலாம்பாடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சயின்ஸ் டீச்சர். எனக்குச் சொந்த ஊர் அரியலூர், தமிழ் டீச்சருக்குத் திருமானூர்ப் பக்கம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சமையல் அவள், சண்டை நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பால்காரர், வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாயடி என்று எல்லா இடத்திலும் எங்கள் இருவருக்கும் சேர்த்து நானே சண்டை போட்டுவிடுவேன். அவள் வாயே திறக்க மாட்டாள்.

அவள் வாய் திறக்கும் ஒரே விஷயம் எழுத்துப் பிழை. அதிலும் மூணு சுழி போட வேண்டிய இடத்தில் யாராவது ரெண்டு சுழி போட்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மனம் வேறு, மணம் வேறு, பனி வேறு, பணி வேறு என்று வகுப்பில் பிள்ளைகளை எழுதவைத்துச் சாகடிப்பாள். ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கிளார்க் தன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். மேலே 'திருமன அழைப்பிதழ்' என்று அச்சாகியிருந்தது. இவள் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் சரியான எழுத்தை எழுதி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

டிரில் மாஸ்டர் விஷயம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் சாதியில் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் எல்லாம் அந்த மனிதரின் வாயில்தான் இருந்தது.

ஆடி மாதம் முடியப்போகும் நேரத்தில் அவளுடைய அண்ணன் வந்து நின்றார். ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருந்து ரைஸ்மில் வைத்திருக்கும் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்களாம். ஆவணி பிறந்ததும் வருவார்கள், திங்கட்கிழமையே லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். பெண் பார்ப்பது என்பது பேச்சுக்கு. அவளுடைய அப்பா பாதி முடித்துவிட்டார் என்பது அந்தக் காப்பி டம்ளரை அண்ணன் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கு அவள் குழம்புக்கு உப்புப் போடவில்லை. நானும் சொல்லவில்லை. நீயாவது போய் டிரில் மாஸ்டரிடம் கேளேன் என்றேன். அதை மட்டும் நான் செய்ய மாட்டேன் என்றாள். "கேக்காதவருக்கு நான் எப்படிடி பதில் சொல்லுவேன்?" என்றாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. டிரில் மாஸ்டர் மேல், ரைஸ்மில் மேல், அந்தக் குழம்பின் மேல். இதை நான் முடித்துக்காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் பச்சைமலை தெரியும். தினமும் பார்ப்போமே தவிர ஒருநாளும் ஏறியதில்லை. பிள்ளைகளைக் காடு பார்க்க அழைத்துப்போகலாம், அதற்கு முன்னால் ஆசிரியர்கள் போய் வழி பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். பிள்ளைகள் கூட்டமாகப் போகும் இடம் என்றால் டிரில் மாஸ்டர் இல்லாமல் முடியாது என்று அவரே சொன்னார். அவர் அப்படிச் சொல்லும்படி நான் பேசியிருந்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. வயசுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு ஆம்பளையோடு மலைக்குப் போவதாவது என்று எங்கள் வீட்டுக்காரம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அதனால் தையல் டீச்சரைத் துணைக்குச் சேர்த்தோம். நல்ல அக்கா. உடம்பு கனம், மனசு அதைவிடக் கனம். காவலுக்கு வரச் சொன்னதை அவர் வேத வாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊதாப் புடவையில், ஒரு தூக்கில் இட்லி, ஒரு தூக்கில் புளிச்சோறு, பொடி, பொடிக்கு ஊற்ற ஒரு பாட்டில் நல்லெண்ணெய் என்று வந்து நின்றார். நாலு பேருக்கு அது ஒரு வாரச் சாப்பாடு.

அடிவாரத்தில் இருந்து ஒற்றையடிப் பாதை. எதிரே மலைக்காரர்கள் தலையில் பலாப்பழத்தோடு பூலாம்பாடிச் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நாங்கள் தலையில் பாரமில்லாமலே மூச்சு வாங்கினோம். டிரில் மாஸ்டர் மட்டும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் விசிலுமாக, மார்ச் பாஸ்டில் போவதைப் போல முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டு நடங்கள் என்று அனுப்பினால், முதுகு மட்டும்தான் தெரிகிறது.

வழியில் ஒரு ஓடை. கால் வழுக்கும் பாறை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, சார் கொஞ்சம் கை கொடுங்க, டீச்சர் பயப்படுறாங்க என்றேன். எந்த டீச்சர் என்று நான் சொல்லவில்லை, அது என் தப்புத்தான். அவர் அவசரமாக வந்து தையல் டீச்சரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, இரண்டு தூக்கையும் வாங்கிக்கொண்டு, பத்திரமாக அக்கரை சேர்த்தார். தமிழ் டீச்சர் தானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டி வந்தாள். நீங்க நல்லா இருக்கணும் தம்பி என்று தையல் டீச்சர் அவரை வாழ்த்தினார்.

இன்னும் மேலே போனால் காடு அடர்த்தியாக இருந்தது. ஒரு கறையான் புற்றை ஏதோ ஒன்று பாதியாகப் பிளந்து போட்டிருந்தது. இறங்கி வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கரடி வேலை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு தையல் டீச்சர் யாருக்கும் பின்னால் நடக்கவில்லை. ஒரு மரத்தில் பெரிய மலை அணில், உடம்பைவிட நீளமான வாலோடு, எங்களைப் பார்த்துக்கொண்டே காய் தின்றது. தமிழ் டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். நான் டிரில் மாஸ்டரிடம், அவளுக்குக் காட்டிக்கொடுங்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று கிசுகிசுத்தேன். பக்கத்தில் போனார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தவிப்பில் கைக்குக் கிடைத்தது விசில். ஊதிவிட்டார். அணில் போயிற்று, பின்னால் இருந்த மயில்கள் போயின, எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

மேலே ஒரு சின்ன ஊர். புல் வேய்ந்த சில வீடுகள், சாணி மெழுகிய வாசல்கள், வீட்டுக்கு ஒரு பலாமரம், பக்கத்தில் மரவள்ளிக் கொல்லை. முதல் வீட்டில் இருந்த அம்மா எங்களைக் கண்டதும் பாயை எடுத்துப் போட்டுவிட்டார். நல்ல வாயாடி. கீழ்நாட்டிலிருந்து இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எப்படி ஏறினீர்கள் என்று தையல் டீச்சரிடம் நேராகவே கேட்டார். தையல் டீச்சர் கோபித்துக்கொண்டு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

அங்கேதான் அந்த வழக்கத்தைப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே பெரிய பள்ளத்தாக்கு. அதற்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் கொல்லை, அங்கே அவருடைய புருஷன். விருந்தாளிக்குப் பழம் வேண்டும் என்று சொல்ல அவர் எழுந்து போகவில்லை. வாசல் ஓரம் நின்று ஓஓஓ என்று ஒரு இழுப்பு. பிறகு ஒவ்வொரு சொல்லாக, விட்டு விட்டு. அந்தப் பக்கத்தில் இருந்தவர் உடனே பதில் சொல்லாமல், காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார். இவர் ஆமாம் என்ற பிறகுதான் பதில் வந்தது. நடுச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், அவரை யாரும் கேட்காமலே, இரண்டு பக்கத்துப் பேச்சையும் தானும் ஒருமுறை சொல்லிவைத்தார். ஆடிக் காற்றில் பாதிச் சொல் பறந்துவிடுமாம், அதனால் நடுவில் இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். எதிரொலி பாடத்தை வருடா வருடம் நடத்துகிற நான் அன்றைக்குத்தான் எதிரொலியைக் கேட்டேன்.

அப்படியென்றால் ரகசியம் எதுவும் பேச முடியாதே என்று தமிழ் டீச்சர் கேட்டாள். அந்த அம்மா சிரித்தார். "ரகசியம்னா கிட்ட வந்து காதுல சொல்லணும். கூப்புட்டுச் சொன்னா அது ஊர்ப் பேச்சு. மலையே கேட்டாச்சு, அப்புறம் இல்லன்னு மாத்த முடியாது" என்றார். தமிழ் டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் பலாப்பழத்தில் கவனமாக இருந்தேன்.

அருவி எவ்வளவு தூரம் என்று கேட்டோம். அந்த அம்மா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துப் பாறையைக் காட்டி, "அந்தா தெரியுதுல்ல, கூப்புடு தூரந்தான்" என்றார். எங்கள் ஊரில் கூப்பிடு தூரம் என்றால் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் போய் வரலாம். நான் உற்சாகமாக எழுந்தேன். என் கணக்கு இது: தையல் டீச்சர் முட்டி வலி என்று உட்கார்ந்துவிடுவார், பாதி வழியில் எனக்கும் கால் சுளுக்கிக்கொள்ளும், மிச்சம் இரண்டு பேரும் அருவிக்குப் போவார்கள்.

முதல் பாதி சரியாக நடந்தது. தையல் டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டார். கூடவே தமிழ் டீச்சரின் கையையும் பிடித்துக்கொண்டார். காவலுக்கு வந்தவள் நான், வயசுப் பொண்ணைக் கண்ணுக்கு மறைவாக அனுப்ப மாட்டேன் என்றார். அப்ப நான் யாரு என்று கேட்டேன். உன்னைப் பத்திக் கவலையில்ல என்றார். இப்படியாக, சேர வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தியை அங்கேயே விட்டுவிட்டு, டிரில் மாஸ்டரும் நானும் அருவிக்கு நடந்தோம்.

கூப்பிடு தூரம் என்பது கூப்பிடுகிறவர்களுக்கு. நடக்கிறவர்களுக்கு அது பள்ளத்தில் இறங்கி, பாறையைச் சுற்றி, மூங்கில் புதரில் புகுந்து, மறுபடியும் ஏறி, நாக்குத் தள்ளுகிற தூரம். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். நாளைக்கு அவள் ஊருக்குப் போகிறாள், அடுத்து ரைஸ்மில்காரர்கள் வருவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் யாரிடம் சாக்பீஸ் கேட்பீர்கள் என்றேன். அவர் தலைகுனிந்து நடந்தார். பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடுகிறேன் என்றார். பஸ்ஸில் தையல் டீச்சர் நடுவில் உட்காருவார் என்றேன்.

ஒருவழியாகப் பாறைக்கு வந்தோம். அருவி இருந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அந்த வாசல், அதில் சின்னச் சின்னதாக மூன்று உருவம். ஊதாப் புடவை மட்டும் அடையாளம் தெரிந்தது. அங்கிருந்து அந்த வீட்டு மலையம்மாவின் குரல், சேந்துட்டீங்களாஆ என்று வந்தது. டிரில் மாஸ்டர் இடுப்பில் கையை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, சேந்துட்டோஓம் என்றார். ஒரு பிசிறு இல்லை. மலை அதிர்ந்தது.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. இந்த மனிதருக்குப் பேச வராமல் இல்லை. கிட்டத்தில் பேச வரவில்லை. மைதானத்தின் நீளம் இருந்தால்தான் இவர் தொண்டை வேலை செய்யும். இரண்டு வருடமாக நாங்கள் அவரைக் கிட்டே கொண்டுபோகப் பாடுபட்டோம்.

"சார், அவ அங்கதான் நிக்கிறா. மூஞ்சி தெரியல. இதையும் கிரவுண்டுன்னு நெனச்சுக்குங்க. இப்பவே கேளுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், விசிலைத் திருகினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு விசில் ஊதினார். பள்ளத்தாக்கு அமைதியானது.

"தமிழ் டீச்சர்… என்னைக்… கட்டிக்கிறீங்களாஆஆ!"

பாறைகள் ளா, ளா என்று சொல்லி முடித்தன. நடுச் சரிவில் ஆட்டுக்காரர் தன் கடமையைச் செய்தார். என்னமோ கட்டிக்கணுமாஆம் என்று அந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மலையம்மாவின் குரல் வந்தது. எதைக் கட்டணும்னு டீச்சரம்மா கேக்குறாங்கோஓ.

டிரில் மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. கேக்கலையாம், போகலாம் டீச்சர் என்று திரும்பினார். நான் பாதையை மறித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரே ஒரு சொல், எதைன்னு கேட்டதுக்குப் பதில், அதைச் சொல்லாமல் இந்தப் பாறையை விட்டு இறங்க விடமாட்டேன் என்றேன். நான் குழாயடியில் சண்டை போடுவதை அவர் பார்த்திருக்கிறார். மறுபடி விளிம்புக்குப் போனார். இருந்த மூச்சையெல்லாம் அந்த ஒரு சொல்லில் போட்டார்.

"என்னைஐஐஐ!"

ஆட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"எண்ணெயாஆம்! எண்ணெய் வேணுமாஆஆம்!"

அந்தப் பக்கத்தில் ஊதாப் புடவை எழுந்து நின்றது. கையில் ஏதோ ஒன்றை உயரத் தூக்கிக் காட்டியது. வெயிலில் அது மின்னியது. நல்லெண்ணெய்ப் பாட்டில்.

நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணிலும் தண்ணீர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எனக்கு இதுக்கெல்லாம் ராசி இல்லை டீச்சர், அந்த மில்லுக்காரராவது அவங்களை நல்லா வச்சிக்கட்டும் என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய கேன்வாஸ் ஷூவில் முள் குத்தி ரத்தம் கசிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது. எழுந்து நின்றேன்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது மலையம்மாவின் குரல் இல்லை. நான் ஒருநாளும் உயர்ந்து கேட்டிராத குரல்.

"ரெண்டு சுழியாஆ? மூணு சுழியாஆஆ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. தமிழ் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே இரண்டு வருடம் சும்மா கோடு போட்டுக்கொண்டு நின்றாரா, என்ன? பாய்ந்து விளிம்புக்குப் போனார். விழுந்துவிடப்போகிறார் என்று நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு சுழீஈஈ! ரெண்டு சுழி என்னைஐஐ!"

ஆட்டுக்காரர் அதையும் சிரத்தையாக எடுத்துச் சொன்னார். மேலே எங்கேயோ விறகு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, ரெண்டு சுழியாம், ரெண்டு சுழியாம் என்று அடுத்த சரிவுக்கு அனுப்பினார்கள். அது என்ன சாமான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. காற்று மட்டும் அடித்தது. அந்தப் பக்கத்தில் இருந்த உருவம் அசையவில்லை. நான் அவர் சட்டையை விடவில்லை.

"ரெண்டு சுழின்னாஆ… சரீஈஈ!"

சரியாஆம் என்றார் ஆட்டுக்காரர். சரியாம் என்றார்கள் விறகு வெட்டும் பெண்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க சார், அப்பத்தான் செல்லும் என்று மலையம்மா கத்தினார். டிரில் மாஸ்டர் வாயைத் திறந்தார். தொண்டை மறுபடியும் அடைத்துக்கொண்டது. அதனால் அவருக்குப் பதிலாக நானே சரீஈ என்று கத்தினேன். எனக்கு எதற்கு அவ்வளவு அழுகை வந்தது என்று தெரியவில்லை.

இறங்கி வரும்போது அந்த ஓடை வந்தது. அவர் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரைப் பார்க்காமலே கையை நீட்டி, "சாக்பீஸ் வேணுங்களா?" என்று கேட்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் டீச்சர் அப்போதும், எண்ணெய் கேட்டுவிட்டு யாரும் வாங்க வரவில்லையே என்ற குறையில் முனகிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் விஷயத்தை விளக்கிச் சொன்னதும் பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் காவலுக்கு வந்தேனா சாட்சிக்கு வந்தேனா என்று கேட்டார். அப்புறம் அழுதார். அப்புறம் மிச்சமிருந்த புளிச்சோற்றை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

நாங்கள் அடிவாரம் வருவதற்குள் பலாப்பழக்காரர்கள் சேதியைப் பூலாம்பாடியில் இறக்கிவிட்டிருந்தார்கள். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் கண்டக்டர், ரெண்டு சுழி யாருங்க என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். அந்தப் பஸ் எந்தெந்த ஊர் வழியாகப் போயிற்றோ, சேதி ரைஸ்மில் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வரவில்லை.

வந்தது அவளுடைய அப்பா. ஊருக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை அவள் போகவில்லை, மறுநாள் அவரே எங்கள் வீட்டு வாசலில் நின்றார். டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து படிக்கட்டில் நின்றார், விசிலைத் திருகினார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மலைக்கே கேட்டுச்சாமே. எனக்கு மட்டும் கேக்கலையே" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் வருத்தம் இருந்தது. டிரில் மாஸ்டரின் நெற்றியில் வேர்வை கொட்டியது. எங்கே மைதானத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்து கத்துவாரோ என்று நான் பயந்தேன். நல்லவேளை, இரண்டடி தூரத்தில் நின்றே, "இப்ப கேக்குறேன் மாமா" என்றார். எறும்புக்குக்கூட அது கேட்டிருக்காது. அப்பாவுக்குக் கேட்டது.

தை மாதம் கல்யாணம். அன்றைக்குக் காலையில் மணப்பெண் அறையில் அவளுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தையல் டீச்சர் தன் பரிசை முன்னாலேயே உள்ளே அனுப்பியிருந்தார். பித்தளை எண்ணெய்த் தூக்கு. பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் ஆள் அதில் 'அண்பளிப்பு' என்று மூணு சுழி போட்டு வெட்டியிருந்தான். இவள் அதைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இந்த எழுத்துக்காகத்தானே அன்றைக்கு அந்த மனிதரை மலைமேல் நிறுத்திக் கத்தவிட்டாய், இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மொதத் தடவையே கேட்டுச்சுடி."

என் கை நின்றது.

"கட்டிக்கிறீங்களான்னு அந்தக் கடைசி ளா வரைக்கும் கேட்டுச்சு. உடனே சரின்னு சொல்லலாம்னு வாயத் தொறந்துட்டேன். அப்பத்தான் அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஆட்டுக்காரருக்கே சரியா கேக்கல, ஒரு தடவ சொன்னா அது எனக்கு மட்டும் கேட்டது. இவரு மறுநாளே பயந்துட்டு சாக்பீஸ் கேட்டேன்னு சொல்லிடுவாரு. எங்கப்பா ஒரு அதட்டுல முடிச்சிடுவாரு. மலை பூரா கேக்கட்டும்னுதான் எதைன்னு கேட்டேன்."

இரண்டு வருடம் அவர்களுக்காக நான் மூளையைக் கசக்கியிருக்கிறேன். ஓடையைத் தேடி, அணிலைக் காட்டி, பள்ளத்தாக்கைச் சுற்றி நாக்குத் தள்ள நடந்து. இவளோ பாயில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டே முடித்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவர் அழுதது உனக்குத் தெரியுமா, மூன்றாவது தடவை அவர் கத்தாமல் திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"தெரியலடி. அதுக்குத்தான் நானே கத்துனேன். அவரு குரல் வர்ற வரைக்கும் அந்தம்மா கையப் புடிச்சிக்கிட்டுதான் நின்னேன்."

நான் மறுபடி பின்னத் தொடங்கினேன். சரி, அந்த எண்ணெய் என்றேன். அது நான் நினைக்கவேயில்லை, ஆட்டுக்காரர் போட்ட சீதனம் என்றாள். பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஐயோ என்று கத்தினாள். வெளியில் இருந்து தையல் டீச்சர் பதறிப்போய், உள்ள என்ன, என்ன வேணும் என்று கேட்டார்.

எண்ணெய் என்றோம் இரண்டு பேரும்.